பள்ளிக்கூடச் சுவர் ஓரத்துப் பெண்

“அக்கா, நாம இங்க இருக்கறது வெளிய யாருக்காவது தெரியுமா?”

ஆஸ்பத்திரியின் நிலவறையில், சலைன் பாட்டில்கள் வந்த அட்டைப்பெட்டியின்மேல் கால்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி ஒருநாள் இப்படிக் கேட்டாள். மேல்மாடி இடிந்த பிறகு மருந்துக் கிடங்கைக் கீழே இறக்கியிருந்தார்கள். நோயாளிகளும் மருந்தோடு மருந்தாகக் கீழே இறங்கிவிட்டார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவளை ஊர் முழுக்க மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டது. அப்போது அவள் வலி மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது கண்ணு,” என்றாள் தலை நிமிராமல். “தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா?”

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப யாராச்சும் போய்ச் சொல்லணும்ல?”

அவளுடைய அம்மா அந்த ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள். மகளின் உச்சந்தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். “வாய மூடுடி. அக்கா தப்பா எண்ணிட்டா உனக்குத்தான் மாத்திரை குறையும்.”

மருந்தக்கா சிரித்தாள். ஆனால் சிறுமி சொன்னது அவள் மனத்தில் முள்ளாகத் தைத்தது. போய்ச் சொல்ல யாராவது வேண்டும். ஊரைச் சுற்றி வளைத்திருந்த படை ஒருநாள் காயம்பட்ட கிழவர்கள் சிலரை வெளியே அனுப்பச் சம்மதித்தபோது, அவர்களுக்குத் துணையாக அவள் வண்டியில் ஏறினாள். அகதி முகாமில் கொஞ்ச காலம், பிறகு மனித உரிமை அமைப்பு ஒன்றின் சின்ன அறையில் கொஞ்ச காலம். கடைசியில், உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசும் சபை இருந்த இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

அவள் நாட்டுக் கோப்புகளைக் கவனித்த பெண் அதிகாரி கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படம். ஆஸ்பத்திரி, உடைந்த கூரை, பின்வாசல், எதிரே பள்ளிக்கூடம், எல்லாம் உள்ளங்கைக் கோடுபோலத் தெளிவாக இருந்தன. பின்முற்றத்தில் வெள்ளையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

“இது என்னன்னு எங்களுக்குத்தான் புரியல,” என்றாள் அதிகாரி.

“படுக்கை விரிப்பு. துவைச்சுக் காயப்போட்டிருக்காங்க,” என்றாள் மருந்தக்கா. துவைப்பவள் கொடி கட்டியது, விரிப்பை உதறியது, எல்லாவற்றையும் இவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தெரியாது என்று நினைத்த வரைக்கும் அவளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. தெரியும் என்று தெரிந்த அன்றைக்கு அது பாதி செத்தது.

மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பார்வையாளர் குழு ஒன்றை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்காரர் நாலு பேர், ஒரு வெள்ளை வண்டி, அவ்வளவு போதும். வெள்ளை வண்டி நிற்கிற வாசலில் குண்டு போடக் கொஞ்சமாவது கை கூசும். வியாழக்கிழமை சபையில் வரப்போகும் தீர்மானத்தில் அந்த ஒரு வரி இருக்க வேண்டும். அது இருந்தால் துவைப்பவளும் அவள் மகளும் பிழைப்பார்கள். அதற்காகத்தான் அவள் சாட்சியங்களைச் சேகரித்துக் கொண்டுவந்து, ரகசியமாக வைத்துக்கொள்ளும்படி அதிகாரியின் அறையில் ஒப்படைத்திருந்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். கடுமையான சளி, மூக்கு சிவந்திருந்தது. மேசையில் அவள் கொடுத்த சாட்சியங்கள் இரண்டு அருகருகே கிடந்தன.

“மேடம், ஆஸ்பத்திரி பின்வாசல்ல ரொட்டிக்கு நின்னவங்க மேல குண்டு விழுந்ததுக்கு ரெண்டு சாட்சி குடுத்திருக்கீங்க. ஒரு தச்சர், காலையில நடந்ததுங்கறாரு. ஒரு அம்மா, சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவர் ஓரமா நின்னப்ப பார்த்தேங்கறாங்க. ஒரே குண்டா, ரெண்டு குண்டா?”

மருந்தக்கா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தன் தவறு விளங்கியது.

சாட்சி சொல்பவரைக் காப்பாற்ற அவளைப் போன்றவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. கொன்றவர்கள் படித்துப் பார்த்து, ‘இதைச் சொன்னது இன்னார்’ என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஏதாவது ஓர் அடையாளத்தை மாற்றி எழுதிவிட வேண்டும். எதை மாற்றினோம் என்று எங்கும் எழுதி வைக்கக் கூடாது. சாட்சியிடமும் சொல்லக் கூடாது. நாளைக்கு அவரை மிரட்டிக் கேட்டால் ‘அது நான் இல்லை’ என்று அவர் உண்மையையே சொல்லிவிட்டு நிற்க வேண்டும். தச்சர் என்று எழுதியிருந்தவர் உண்மையில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவர் ஓரத்தில் நின்ற பெண் என்று ஒருத்தி இல்லவே இல்லை. பார்த்தவள் துவைப்பவள். விடிகாலையில் பின்முற்றத்தில் விரிப்பை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள். அந்த நேரத்தில் அங்கே விரிப்புக் காயப்போடுகிறவள் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். ‘காலை’ என்றும் ‘முற்றம்’ என்றும் எழுதினால் அவளைக் கைகாட்டிக் கொடுத்தது போலாகிவிடும். அதனால் நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே மாற்றினாள். அவளுடையதை நிலவறையில் இருந்தபோது எழுதினாள். ஓட்டுநருடையதை முகாமில், பல மாதம் கழித்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. புட்டி மாறிவிடாமல் இருக்க மூன்று முறை பார்த்து மருந்து கொடுத்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்று.

“ஒரே குண்டுதான்,” என்றாள்.

“அப்ப யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க.”

“யாரும் பொய் சொல்லல. மாத்தினது நான். அவங்க உயிருக்காக.”

அதிகாரி பெருமூச்சு விட்டாள். கெட்டவள் அல்ல. “ரெண்டு தனித்தனி சம்பவம்னு போட்டுக்கலாமா? எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம்.”

ஒரு தலையாட்டல் போதும். இரண்டு தாக்குதல் என்றால் குழு அனுப்ப இன்னும் வலுவான காரணம் ஆகிவிடும். மருந்தக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அன்று காலை ரொட்டிக்கு நின்றவர்களின் முகத்தையெல்லாம் துடைத்து வரிசையாகக் கிடத்திய கைகள்.

“வேண்டாம்மா. செத்தவங்களை இன்னொரு தடவை சாகடிக்க என்னால முடியாது.”

“அப்படின்னா உண்மையான விவரத்த எனக்கு மட்டும் சொல்லுங்க. அந்த அம்மா யாரு, எங்க நின்னாங்க. அறையை விட்டு வெளிய போகாது. புதன்கிழமைக்குள்ள சொன்னா, குழு அனுப்பலாம்னு நான் எழுதிடறேன். இல்லன்னா...” அவள் இருமினாள். “இல்லன்னா ‘முரண்பட்ட சாட்சியம்’னுதான் எழுதணும். எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க மேடம்.”

மருந்தக்கா எழுந்தாள். கதவருகே போனவள் திரும்பி, “வெந்நீர்ல உப்புப் போட்டுத் தொண்டைய அலசுங்க. மாத்திரையை நம்பாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தங்கியிருந்தது தம்பி வீட்டில். தம்பி பார்சல் வண்டி ஓட்டினான். அவன் மனைவி ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் இருந்தாள். இரண்டே அறை. மருந்தக்காவுக்குக் கூடத்து நீள நாற்காலிதான் கட்டில். அவள் வந்ததிலிருந்து தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசியதில்லை. நாத்தனார் வந்து தங்கியது ஒரு பாரம். வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்ட யுத்தம் இன்னொரு பாரம்.

“அந்தம்மா ரகசியமா வெச்சுக்கறேங்கறாங்கல்ல? சொல்லிட வேண்டியதுதானே?” என்றான் தம்பி, வண்டிச் சாவியைச் சுழற்றியபடி. “ஒருத்தி பேரு. அந்தப் பக்கம் நிலவறை பூரா சனம். கணக்குப் போட்டுப் பாருக்கா.”

“கணக்குப் போட்டுத்தான் அவனுங்களும் குண்டு போடறானுங்க.”

“உடனே கோவம். நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?”

“நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாலே புண்ணியம்,” என்றாள் அவன் மனைவி அடுப்படியிலிருந்து. பிறகு, குரலைத் தாழ்த்தாமலேயே, “அண்ணி, சோறு ஆறுது. நீங்க பட்டினி கிடந்தா அங்க யாருக்கும் வயிறு நிறையப் போறதில்ல,” என்றாள்.

அதில் கனிவு இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று மருந்தக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் தட்டில் சோறு கொஞ்சம் கூடவே இருந்தது.

அவளுக்குப் பிரார்த்தனை வழக்கம் உண்டு. நீளமாகக் கேட்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னலருகே நின்று, “கடவுளே, எது குறைஞ்ச பாவமோ அத எனக்குக் காட்டு,” என்று மட்டும் கேட்டாள். காட்டியது போலத் தெரியவில்லை. நாள் முழுக்க யோசித்து, அழுது, கடைசியில் தம்பி சொன்ன கணக்குக்கே வந்து சேர்ந்தாள். நிலவறை முழுக்க இருப்பவர்களுக்காக ஒருத்தியை நம்பிக்கையான ஒரு காதில் சொல்லிவிடுவது. புதன்கிழமை சபையில் தன் பேச்சை முடித்துவிட்டு நேராக மேலே போய் அதிகாரியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் நெஞ்சு இலேசாகவில்லை. அதை அவள் கவனித்தாள். கவனித்ததை ஒதுக்கி வைத்தாள்.

புதன்கிழமை சபை மண்டபத்துக் கண்ணாடிக் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் அவளுடைய சொந்த நாட்டின் பிரதிநிதி. அருமையான கோட்டு. “முதல்ல நீங்க, அம்மா,” என்றார் சிரித்துக்கொண்டே. ஊரை வளைத்த படையை அனுப்பி, எத்தனையோ பேருக்கு நாட்டு வாசலை மூடியவர்களின் ஆள். கதவைத் திறந்து பிடிப்பதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

உள்ளே அரசுகள் பேசி முடித்த பிறகுதான் அவளைப் போன்றவர்களின் முறை வரும். ஆளுக்கு இரண்டு நிமிடம்; அதற்குமேல் ஒலிவாங்கி தானாக அணைந்துவிடும். சுவர்த் திரையில் பேசுவோர் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகலில் தலைவர் அறிவித்தார்: நேரம் போதவில்லை, வரிசையின் கடைசி ஆட்களை அழைக்க இயலாது. கோடு கிழித்த இடத்துக்குக் கீழே முதல் எண் மருந்தக்காவுடையது.

பக்கத்து இருக்கையில் ஒரு மனிதர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறொரு நாட்டு வக்கீல்; நாளைக்குத் தன் விசா முடிகிறது என்று காலையில் அவளிடம் சொல்லியிருந்தார். வெயிலானாலும் மழையானாலும் குடையோடு வருவார் என்பதால் வாசல் காவலர்கள் முதற்கொண்டு எல்லோரும் அவரைக் குடைக்காரர் என்றே சொன்னார்கள். கோடு கிழித்த இடத்துக்கு மேலே கடைசி எண் அவருடையது.

இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பொது மொழியில் அவர் கேட்டார். “உங்க ஆளுங்க உயிரோட இருக்காங்களா?”

என்ன கேள்வி இது என்று அவள் திரும்பிப் பார்த்தாள். “இருக்காங்க. இப்போதைக்கு.”

“என்னோடவங்க செத்துட்டாங்க. ஒரு குழியில மொத்தமா. யார் யாருன்னு எலும்ப எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு வருஷா வருஷம் வர்றேன். அவங்க காத்திருப்பாங்க. காத்திருக்கறதுல அவங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது.” எழுந்தார். “வாங்க, வரிசை எண்ண மாத்திக்கலாம்.”

“அப்ப உங்களால பேச முடியாதே ஐயா. நாளைக்கு உங்க விசா முடியுதுன்னு சொன்னீங்களே.”

“அம்மா, நான் பேசினா எங்க நாட்டுப் பிரதிநிதி என்ன செய்வாருன்னு நினைக்கிறீங்க? தூங்குவாரு. அவர் தூக்கத்தக் கெடுக்க எனக்கு இஷ்டமில்ல. எழுந்திரிங்க.”

வரிசையைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தரிடம் இருவரும் போய் எண்ணை மாற்றிக்கொண்டார்கள். நன்றி சொல்ல மருந்தக்கா வாயெடுப்பதற்குள் அவள் பெயரை அழைத்துவிட்டார்கள்.

அவள் பேசினாள். நிலவறையைப் பற்றி, பாதியாக உடைத்த மாத்திரைகளைப் பற்றி, பின்வாசலில் ரொட்டிக்கு நின்றவர்களைப் பற்றி. வெள்ளை வண்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது, கதவைத் திறந்து பிடித்தவர் தன் பெயர்ப்பலகையை உயர்த்தினார். ஆட்சேபணை. தலைவர் அவளை நிறுத்தச் சொன்னார்.

“மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே,” என்றார் பிரதிநிதி, இனிமையான குரலில். “இந்த அம்மையாருடைய சாட்சிகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. ஒரு தச்சர் காலை என்கிறார். பள்ளிக்கூடச் சுவர் ஓரம் நின்ற ஒரு பெண்மணி சாயங்காலம் என்கிறார். இல்லாத தாக்குதலைக் காலையில் வைப்பதா மாலையில் வைப்பதா என்று முடிவு செய்துகொண்டு அவர் வரட்டும்.”

மண்டபத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று ஓடியது.

மருந்தக்காவுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழவில்லை. பள்ளிக்கூடச் சுவர் என்பது அவள் வாயிலிருந்து வரவே இல்லை. அந்த வார்த்தை ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: மேலே, பூட்டிய அறையில், ரகசியம் என்று அவள் ஒப்படைத்த தாளில். அங்கிருந்து அது இந்த மனிதரின் வாய்க்கு வந்திருக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் அதே அறைக்குப் போய் அவள் சொல்லவிருந்தது இன்னொரு வார்த்தை. விரிப்பு. அதுவும் இதே போல் நடந்து வந்திருக்கும்.

தலைவர் தொடரச் சொன்னார். ஒரு வாக்கியம் பேசினாள். ஒலிவாங்கி அணைந்தது.

அவள் மேலே போகவில்லை. கீழே காண்டீனில், ஆடுகிற மேசை ஒன்றில் குடைக்காரர் இரண்டு தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

“உங்க நேரத்தையும் வீணாக்கிட்டேன்,” என்றாள்.

“யாரு சொன்னா? உங்க நாட்டு ஆளப் பலகையத் தூக்க வெச்சுட்டீங்க. எனக்கு இத்தனை வருஷத்துல அந்தக் கொடுப்பினை வாய்க்கல.”

மேசை ஆடித் தேநீர் தளும்பியது. அவர் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்த பேச்சு. அதை நான்காக, எட்டாக மடித்து, குனிந்து மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். மேசை நின்றது.

“பாருங்க. இத்தனை வருஷத்துல என் பேச்சால நடந்த முதல் நல்ல காரியம்.”

அவள் சிரிக்க நினைத்து அழுதாள். அவர் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறியதும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அவர் அவளுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. இரண்டு நிமிடம் கொடுத்தோம் என்றுதான் நினைத்திருப்பார். அந்த இரண்டு நிமிடம் இல்லாவிட்டால் அவள் நேராக மேலே போய்த் துவைப்பவளைச் சொல்லியிருப்பாள்.

அவர் போன பிறகு மருந்தக்கா குனிந்து அந்தத் தாளை உருவிக்கொண்டாள். மேசை மறுபடி ஆடியது.

வெளியே போகும் வழியில் அதிகாரி எதிரே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன; அது சளி மட்டும் இல்லை.

“நான் இல்ல மேடம். அந்த அறைக்கு நாலு பேர்கிட்ட சாவி இருக்கு.”

“நீங்கன்னு நான் சொல்லலியே,” என்றாள் மருந்தக்கா. “தொண்டை எப்படி இருக்கு?”

வியாழக்கிழமை தீர்மானம் நிறைவேறியது. சபை ஆழ்ந்த கவலை தெரிவித்தது. எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. குழுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஊரைச் சுற்றி நின்றவர்களும் நிலவறையில் கிடந்தவர்களும் ‘எல்லாத் தரப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். கை தட்டினார்கள். அவள் நாட்டுப் பிரதிநிதியும் தட்டினார்.

அன்று மாலை தம்பி வீட்டுக்கு வந்தபோது தொலைபேசியில் துவைப்பவளின் குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் யாரோ இருமுவதும் பாத்திரம் உருளுவதும் கேட்டன.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? நாங்க இருக்கோம். இவ கட்ட அவுத்தாச்சு, நொண்டி நொண்டி ஓடுறா, பிடிக்க முடியல. ஒரு விஷயம். படைக்காரங்க உள்ள வந்துட்டுப் போனாங்க. அன்னைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவத்துக்கிட்ட நின்ன பொம்பள யாருன்னு ஒவ்வொருத்தியா கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. அப்படி ஒருத்தி கிடையாதேக்கா. சாயங்காலம் நீ எங்க இருந்தன்னு என்னையும் கேட்டாங்க. கீழ மகளுக்குக் கால் நீவி விட்டுட்டு இருந்தேன்னு சொன்னேன். நெசந்தானே? போன்னுட்டாங்க. ஒரு பொய் கூடச் சொல்ல வேண்டி வரலக்கா.”

தொலைபேசி கை மாறும் சத்தம், பிறகு சிறுமியின் குரல் வெகு அருகில் கேட்டது. “அக்கா, அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

மருந்தக்கா தொலைபேசியை வாயருகே வைத்துக்கொண்டாள். பதில் பேசினாள், அழித்தாள். மறுபடி பேசினாள், அழித்தாள். தெரிந்தால் சும்மா இருப்பார்களா என்று ஒருநாள் அந்தப் பிள்ளையிடம் கேட்டது அவள்தான். கடைசியில், “சொல்லிட்டேன் கண்ணு. ஓடாம மெதுவா நட,” என்று மட்டும் அனுப்பினாள்.

பிறகு பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மடியில் வைத்துத் தடவித் தடவி நேராக்கினாள். நடுவில் மேசைக்காலின் வட்டம் கறுப்பாகப் பதிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள்ளும் எழுத்துத் தெரிந்தது. ஒரு குழி, அதற்குள் கிடப்பவர்களின் பெயர், எலும்பை அவரவர் வீட்டுக்குக் கொடுங்கள் என்ற வேண்டுகோள். இரண்டு நிமிடத்துக்குள் வாசித்துவிடக் கூடிய பேச்சு.

தம்பி மனைவி பின்னால் வந்து நின்றாள். “இது என்ன அண்ணி, நம்ம ஊரு விஷயமா?”

“இல்லம்மா. வேற ஒருத்தரோடது. இது நிறையப் பிரதி வேணும். சபையில எத்தனை நாடு இருக்கோ அத்தனை.”

அவள் தாளை வாங்கி வாசித்தாள். முகம் மாறியது. கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“கிளினிக்க இன்னும் பூட்டியிருக்க மாட்டாங்க. அங்க மெஷின் இருக்கு. டாக்டருக்குத் தெரிஞ்சா என் பல்லத் தட்டிக் கையில குடுத்துடுவாரு.” செருப்பை மாட்டியவள் நிமிர்ந்தாள். “பரவால்ல. திருப்பிக் கட்டறதுக்கும் அவர்தான் இருக்காரு.”

கனிவா சலிப்பா என்று இந்த முறை மருந்தக்கா யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சபையின் கடைசி நாள். மருந்தக்கா முதல் டிராமிலேயே போய், வாசல் காவலரிடம் அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தாள். மண்டபத்தில் ஒருவரும் இல்லை. தரையைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. பின்பக்க மேசையில் தவிர வேறெங்கும் தாள்களை வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. பின்பக்க மேசையில் வைத்தவை மாலையில் குப்பைக்குப் போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாட்டின் பெயர்ப்பலகைக்கும் முன்னால், காதில் மாட்டும் கருவியை ஒதுக்கிவிட்டு, ஒரு தாளை நேராக வைத்தாள். எல்லாத் தாளிலும் நடுவில் அந்தக் கறுப்பு வட்டம் இருந்தது. வைக்கும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் மனத்துக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள். தன் நாட்டு இருக்கை வந்தபோது கை நின்றது. பிறகு அங்கேயும் ஒன்றை வைத்தாள், மற்ற எல்லாவற்றையும் போல நேராக. அதற்கும் அந்த வார்த்தையை வேண்டிக்கொண்டாள். சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

குடைக்காரரின் நாட்டுப் பலகை கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தது. அங்கே உட்கார்ந்து தூங்குபவரை நினைத்துக்கொண்டு, இரண்டு தாள் வைத்தாள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு, டிராம் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.